நோயின் கணக்கும் பணத்தின் கணக்கும்

ஓசூர்ப் பேருந்து நிலையத்திலோ, சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய தேநீர்க் கடைச் சுவரிலோ, அல்லது வீட்டில் அப்பாவின் கைப்பேசியிலோ இப்படி ஒரு வேண்டுகோளை நீங்கள் கண்டிருக்கலாம். ஒரு குழந்தையின் படம். "இரத்தப் புற்றுநோய், சிகிச்சைக்கு உதவுங்கள்" என்ற வரி. கீழே ஒரு வங்கிக் கணக்கு எண். சிலர் நின்று படிக்கிறார்கள். சிலர் தங்களால் இயன்றதைக் கொடுக்கிறார்கள். "இந்த நோய் வந்தால் பிழைக்குமா? பணம் வீண்தானே?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

மாணவர்களே! அந்தக் கேள்விக்கு விடை சொல்ல விஞ்ஞானத்தால் முடியும். அது மட்டுமன்று. அந்தக் குடும்பம் எதற்காகப் பணம் கேட்கிறது, எப்போது அந்தப் பணம் மிகவும் தேவைப்படுகிறது என்பதையும் உங்களுக்குத் தெரிந்த பள்ளிக் கணக்கைக் கொண்டே விளக்கிவிடலாம். வாருங்கள், பார்ப்போம்.

பாதி செய்த வண்டிகள்

நம் எலும்புகளுக்குள்ளே மஜ்ஜை என்ற மென்மையான பொருள் இருக்கிறது. இதுதான் இரத்த அணுக்களின் தொழிற்சாலை. பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பணுக்கள், கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்கள், காயம் பட்டால் இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஆகிய மூன்றும் இங்கேதான் உற்பத்தியாகின்றன. ஒரு சிவப்பணு சுமார் 120 நாட்கள் வாழும். தட்டணுவின் ஆயுளோ சுமார் 10 நாட்களே. ஆகையால் இந்தத் தொழிற்சாலைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறைகூடக் கிடையாது.

ஓசூரில் இருசக்கர வண்டிகள் தயாராகும் ஆலையொன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வரிசையில் ஓரிடத்தில் ஏதோ கோளாறு. சக்கரமும் பொறியும் பொருத்தப்படாத பாதி வண்டிகளே மேலும் மேலும் வந்து குவிகின்றன. சில நாட்களில் கொட்டகை முழுவதும் அவையே நிரம்பிவிடும். நல்ல வண்டி செய்ய இடம் ஏது?

மஜ்ஜையிலும் இதுவே நடக்கிறது. ஒரு வெள்ளணுவின் மரபுப் பொருளில் மாறுதல் ஏற்பட்டு, அது முதிர்ச்சி அடையாமலேயே ஓயாது பெருகத் தொடங்குகிறது. கிருமியோடு போராட அதற்குத் தெரியாது. பெருக மட்டுமே தெரியும். அது மஜ்ஜையை அடைத்துக்கொள்வதால் சிவப்பணுக்கள் குறைகின்றன. குழந்தை வெளுத்துச் சோர்ந்துபோகிறது. நல்ல வெள்ளணுக்கள் குறைகின்றன. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. தட்டணுக்கள் குறைகின்றன, ஈறுகளில் இரத்தம் கசிகிறது, அடிபடாமலேயே தோலில் நீலத் திட்டுகள் தோன்றுகின்றன. எலும்பு வலியும் கழுத்தில் நெறி கட்டுதலும் சேர்ந்துகொள்ளலாம். இதுவே லுகேமியா எனப்படும் இரத்தப் புற்றுநோய். அதில் 'லிம்போபிளாஸ்டிக்' எனப்படும் வகைதான் குழந்தைகளிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோயாகும்.

இது தொற்றுநோயன்று. பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளாது. பெற்றோரின் குற்றத்தாலோ, சாபத்தாலோ வருவதும் அன்று. "தொழிற்சாலைப் புகையால் வந்திருக்குமோ?" என்று தொழில் நகரத்தில் வாழ்பவர்கள் கேட்பது இயல்பு. பென்சீன் போன்ற சில இரசாயனங்களும் கதிரியக்கமும் லுகேமியாவை உண்டாக்கக்கூடும் என்பது உண்மையே. ஆனால் நோயுற்ற குழந்தைகளில் பெரும்பாலோர் விஷயத்தில் இன்னதுதான் காரணம் என்று சுட்டிக்காட்ட முடிவதில்லை.

சென்னையில் படித்தவரும் தோட்டத்துச் செடியும்

1940களின் நடுப்பகுதி வரை இந்நோய் கண்ட குழந்தைகள் சில வாரங்களிலோ, சில மாதங்களிலோ இறந்துவிடுவது வழக்கம். அந்த இருளில் முதல் விளக்கை ஏற்றியவர்களுள் ஒருவர் நம் நாட்டவர். எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது அவர் பெயர். 1895இல் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முயற்சியில்தான் தேறினார்! பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். 1923இல் அவர் அமெரிக்கா செல்வதற்குக் காக்கிநாடாவில் இருந்த ஓர் அறக்கட்டளையும், அவருடைய மாமனார் திரட்டிய பணமும் துணை நின்றன. பிறர் கொடுத்த உதவியால் கப்பல் ஏறியவர்தாம், பின்னாளில் எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காத்த மருந்துக்கு வழி வகுத்தார் என்பதை நினைவில் வையுங்கள்.

அணு ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால் புதிய டி.என்.ஏ. செய்தாக வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் தேவை. லெடர்லே ஆய்வுக்கூடத்தில் சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளிக்கும், ஆனால் அதன் வேலையைச் செய்யாத பொருட்களைத் தயாரித்தனர். பூட்டுக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும் போலிச் சாவி போன்றவை இவை. உண்மைச் சாவிக்கு இனி இடமில்லை. அணு பெருக முடியாமல் மடிகிறது. போஸ்டன் நகரின் டாக்டர் சிட்னி ஃபார்பர் இவற்றுள் ஒன்றை லுகேமியா கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பத்துக் குழந்தைகளிடம் நோய் பின்வாங்கியது. 1948இல் இம்முடிவு வெளியாயிற்று. அதே ஆண்டில் சுப்பாராவ் மறைந்தார். அந்த வரிசையில் பிறந்த மெதோட்ரெக்சேட் என்ற மருந்து இன்றும் பயன்பட்டு வருகிறது.

மற்றொரு மருந்து உங்கள் வீட்டுத் தோட்டத்திலேயே இருக்கக்கூடும். சுடுகாட்டு மல்லி என்று சிலர் ஒதுக்கும் நித்தியகல்யாணிச் செடிதான் அது. அதன் இலைகளிலிருந்து வின்கிரிஸ்டின் கிடைக்கிறது. அணு பிரியும்போது நிறப்புரிகளை இருபுறமும் இழுக்கும் இழைகளை இது உருவாகவிடாமல் செய்கிறது. டன் கணக்கில் உலர்ந்த இலைகளைப் பக்குவப்படுத்தினால் சில கிராம் மருந்துதான் தேறும். இதற்காக, இலையை மென்று பார்க்க எண்ணிவிடாதீர்கள், செடி நஞ்சுடையது!

இவ்வாறு ஒவ்வொன்றாக மருந்துகள் சேர்ந்தன. ஆயினும் நோய் மறைவதும் மீண்டும் வருவதுமாகவே இருந்தது. ஏன்?

ஒரு லட்சம் கோடிக் கணக்கு

விடையைத் தந்தவர் அமெரிக்காவின் ஹோவர்ட் ஸ்கிப்பர். லுகேமியா கண்ட எலிகளை வைத்து ஆராய்ந்த அவர், 1960களில் இரண்டு உண்மைகளைக் கண்டார். ஒரே ஒரு நோயணு எஞ்சினாலும் அது பெருகி எலியைக் கொன்றுவிடும் என்பது முதல் உண்மை. ஒரு குறிப்பிட்ட அளவு மருந்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில் நோயணுக்களைக் கொல்வதில்லை. இருப்பதில் குறிப்பிட்ட விகிதத்தையே கொல்கிறது என்பது இரண்டாவது உண்மை.

இதைக் கணக்காகப் போடுவோம். நோய் கண்டுபிடிக்கப்படும்போது குழந்தையின் உடலில் சுமார் ஒரு லட்சம் கோடி நோயணுக்கள் இருக்கக்கூடும். அதாவது 1 என்று எழுதிப் பின்னால் 12 பூஜ்யங்கள் இடவேண்டும். முதல் மாதச் சிகிச்சை 1,000க்கு 999 அணுக்களை ஒழித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மிகப் பெரிய வெற்றி! காய்ச்சல் நின்றுவிடும். கன்னத்தில் இரத்தம் ஊறும். குழந்தை தட்டில் உள்ளதை எல்லாம் சாப்பிட்டுவிட்டு விளையாட ஓடும். நுண்ணோக்கியில் மஜ்ஜையைப் பார்த்தாலும் நோயணு கண்ணில் படாது. இந்த நிலையை மருத்துவர்கள் 'நோய்த் தணிவு' என்பார்கள். குணமாகிவிட்டது என்று அவர்கள் சொல்வதில்லை.

காரணம் என்ன? ஆயிரத்தில் ஒரு பங்கு எஞ்சியிருக்கிறது அல்லவா? ஒரு லட்சம் கோடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு எவ்வளவு? 100 கோடி!

இந்த நேரத்தில் சிகிச்சையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? நோயணுக்கள் பத்து நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாவதாகக் கொள்வோம். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024. ஆக, 100 நாட்களில் 100 கோடி மறுபடியும் ஒரு லட்சம் கோடியைத் தாண்டிவிடும். இந்த நாட்கணக்கு விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டதே. ஒவ்வொரு குழந்தையிடமும் வேகம் மாறும். ஆனால் போக்கு இதுதான். இதைவிடக் கெடுதல் ஒன்றும் உண்டு. திரும்பி வருபவை மருந்துக்குத் தப்பிப் பிழைத்த அணுக்களின் சந்ததி. பழைய மருந்து அவற்றிடம் பலிப்பது கடினம்.

ஆகவேதான் சிகிச்சை நீள்கிறது. முதல் நான்கைந்து வாரங்கள் கடுமையான தாக்குதல். அடுத்துப் பல மாதங்கள் வெவ்வேறு மருந்துகளால் தொடர் தாக்குதல். சாதாரணமாக மருந்து எட்டாத மூளைப் பகுதியில் நோயணு ஒளிந்துகொள்ளாதபடி முதுகுத் தண்டு நீரிலும் ஊசி போடுகிறார்கள். பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வீட்டிலேயே மாத்திரைகள். இடையிடையே மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை.

அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டாக்டர் டொனால்டு பிங்கல் 1960களில் இவ்வாறு எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தபோது, முதன்முறையாகப் பாதிக் குழந்தைகள் குணமடைந்தனர். நம் நாட்டிலும் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் நிலையம், டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் 1984 முதல் ஒரே சிகிச்சை முறையைக் கையாளத் தொடங்கிய பின்னர் பலன் வெகுவாக உயர்ந்தது. இன்று வசதி மிக்க நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். ஆக, "பணம் வீண்தானே?" என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வீணில்லை. ஆனால் இறுதி வரை போக வேண்டும்.

76 பயணங்கள்

இப்போது பணத்தின் கணக்குக்கு வருவோம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தொழிலாளர் குடும்பம். தந்தை ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. வேலைக்குப் போனால்தான் கூலி. நாளுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக்கான மருந்து, படுக்கை, பரிசோதனை எல்லாம் இலவசமாகவே கிடைத்துவிட்டன என்றும் வைத்துக்கொள்வோம். இனி இவர்களுக்குச் செலவே இல்லை என்று சொல்லிவிடலாமா?

முதல் ஆறு மாதம் வாரத்துக்கு இரண்டு முறை மருத்துவமனை, 52 பயணங்கள். அடுத்த இரண்டு ஆண்டுகள் மாதத்துக்கு ஒருமுறை, 24 பயணங்கள். மொத்தம் 76. ஒவ்வொரு பயணத்திலும் ஒரு நாள் கூலி போயிற்று. பேருந்துக் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் 400 ரூபாய் ஆயிற்று. ஆக ஒரு பயணத்துக்கு 1,000 ரூபாய். 76 பயணங்களுக்கு 76,000 ரூபாய்! மருந்துக்கு ஒரு பைசாகூடக் கொடுக்காத குடும்பத்தின் கணக்கு இது. கிருமி தொற்றிக் குழந்தை பல வாரங்கள் படுக்கையில் கிடந்தால் எடுக்கும் வாடகை அறையும், அம்மா விட்டுவிட்ட வேலையும், வீட்டில் தனியே இருக்கும் மற்றக் குழந்தைகளின் தேவையும் இதில் சேரவில்லை.

இந்தக் கணக்கின் கடைசி வரியை மீண்டும் பாருங்கள். பின்னைய இரண்டு ஆண்டுகளுக்கு ஆவது 24,000 ரூபாய். முதல் ஆறு மாதத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் அப்போது குழந்தை பார்வைக்கு நலமாக இருக்கும். முன்பு உதவியவர்கள் மறந்திருப்பார்கள். கடன் கழுத்தை நெரிக்கும். "இந்த மாதம் போகாவிட்டால் என்ன?" என்ற எண்ணம் தோன்றுவது இந்த வேளையில்தான். மறைந்திருக்கும் நோயணுக்கள் காத்திருப்பதும் இதே வேளைக்காகத்தான்.

தொடர்ந்து நான்கு வாரங்கள் சிகிச்சைக்கு வராமல் போனால் அதைச் 'சிகிச்சை கைவிடல்' என்று குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்கள் குறிக்கிறார்கள். ஏழை நாடுகளில் குழந்தைகள் இறப்பதற்கு இது முக்கியமான காரணங்களுள் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வளமான நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 100க்கு 80க்கு மேற்பட்டோர் குணமடைய, பல ஏழை நாடுகளில் 30 பேர்கூடக் குணமடைவதில்லை. 2030ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் குறைந்தது 60 பேராவது பிழைக்கச் செய்ய வேண்டும் என்று அந்நிறுவனம் 2018இல் இலக்கு வகுத்தது.

அருகில் இருக்கும் மருத்துவமனை, அடுத்த மாநிலத்தில்!

ஓசூரில் இருப்பவர்களுக்குத் தனியே ஒரு சிக்கல் உண்டு. அடையாறு புற்றுநோய் நிலையம் சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பெங்களூரோ சுமார் 40 கிலோமீட்டர்தான். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலெக்ட்ரானிக் சிட்டி என்று அதே சாலையில் சென்றால், 1973இல் தொடங்கப்பட்ட கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையத்தை அடையலாம். அந்தச் சாலைக்குப் பெங்களூரில் வழங்கும் பெயரே ஓசூர் சாலை என்பதுதான்!

ஓசூர் மக்களுக்குத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பழக்கம். மொழி ஒரு தடையில்லை. தடையாவது காகிதங்கள். ஒரு மாநிலத்தின் காப்பீட்டுத் திட்டம் அம்மாநிலக் குடும்பங்களுக்கு உரியது. எல்லையைத் தாண்டிய மருத்துவமனை அத்திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். வட மாநிலங்களிலிருந்து இங்கு வேலைக்கு வந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது.

எனவே இவற்றை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்:

தமிழ்நாட்டின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கானது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். குடும்ப அட்டையும் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் வேண்டும். பதிவு செய்யும் மையம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது.

இத்திட்டம் 2018இல் பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. அந்த மத்தியத் திட்டத்தில் பெயருள்ள குடும்பங்கள் பிற மாநிலங்களில் அத்திட்டத்தின்கீழ் உள்ள மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெற வழி உண்டு.

ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. மாதச் சம்பள வரம்பு 2017இல் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2019 முதல் தொழிலாளி தம் சம்பளத்தில் 100க்கு 75 காசும், நிர்வாகம் 3 ரூபாய் 25 காசும் செலுத்துகின்றன. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். அப்பாவுக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். நோய் வந்த பிறகு தேட வேண்டிய பொருளன்று அது.

இவை தவிர, புற்றுநோய் சிகிச்சைக்குப் பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்தும் ஓரளவு உதவி கோரலாம். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவர் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு.

கேட்ட கைகள் கட்டிய மருத்துவமனைகள்

உதவி கேட்பதில் இழிவு ஏதுமில்லை. புற்றுநோய் மருத்துவத்தின் வரலாறே அப்படித்தான் வளர்ந்தது. 1948ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள், போஸ்டன் மருத்துவமனையில் படுத்திருந்த 12 வயதுச் சிறுவன் ஒருவனின் குரலை அமெரிக்க வானொலி ஒலிபரப்பியது. அவனுடைய உண்மைப் பெயரைச் சொல்லாமல் 'ஜிம்மி' என்று பெயரிட்டனர். தனக்குப் பிடித்த பேஸ்பால் ஆட்டத்தைப் பார்க்க ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும் என்பதே அவன் ஆசை. நேயர்கள் அனுப்பிய தொகையோ 2,31,000 டாலருக்கும் மேல்! அந்தப் பணம் அவன் ஒருவனோடு முடிந்துவிடவில்லை. டாக்டர் ஃபார்பரின் ஆய்வுக்கு நிலையான நிதியாக அது வளர்ந்தது. அச்சிறுவனும் பிழைத்துப் பெரியவனாகி 2001 வரை வாழ்ந்தான். அவன் யார் என்பது 1998 வரை ஊருக்குத் தெரியாது.

நம் சென்னையிலும் இத்தகைய கதை ஒன்று உண்டு. உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பொதுமக்களிடம் நிதி திரட்டி அடையாறில் புற்றுநோய் நிலையத்தை 1954இல் தொடங்கினார். அன்று இருந்தவை 12 படுக்கைகள். மறு ஆண்டு அங்கே வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021இல் மறையும் வரை அந்த நிலையத்துக்கே தம் வாழ்வைக் கொடுத்தார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் பள்ளியிலோ, தெருவிலோ இந்நோய் கண்ட குழந்தை இருந்தால் முதலில் அதன் நண்பராக இருங்கள். மருந்தால் முடி கொட்டும், பிறகு முளைத்துவிடும். கேலி செய்ய விடாதீர்கள். உங்களுக்குச் சளி, காய்ச்சல், அம்மை இருந்தால் அருகில் போகாதீர்கள். சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்குச் சின்ன அம்மையும் பேராபத்து.

இரத்தமும் தட்டணுவும் அடிக்கடி தேவைப்படும். தட்டணுக்களை ஐந்து நாட்களுக்கு மேல் சாதாரணமாகச் சேமித்து வைக்க முடியாது. 18 வயது நிரம்பினால்தான் நீங்கள் இரத்ததானம் செய்யலாம். அதுவரை 18 தாண்டிய அண்ணன், அக்கா, மாமா, அத்தை ஆகியோரின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்து வைக்கலாம் அல்லவா?

பணம் திரட்டினால், அது உண்மையான வேண்டுகோள்தானா என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் ஆசிரியர் மூலம் விசாரியுங்கள். முடிந்தால் நோயாளியின் பெயரில் மருத்துவமனைக் கணக்கிலேயே செலுத்துங்கள். ஜிம்மியின் பெயரை மறைத்தார்களே, அந்தப் பண்பை நீங்களும் கைக்கொள்ளுங்கள். குழந்தையின் படத்தையும் முகவரியையும் கண்ட இடத்திலெல்லாம் பரப்ப வேண்டாம்.

இன்னும் ஒன்று. 40 பேர் உள்ள வகுப்பு, ஆளுக்கு மாதம் 25 ரூபாய் சேர்த்தால் மாதம் 1,000 ரூபாய் ஆகும். மேலே போட்ட கணக்கில் ஒரு பயணத்தின் முழுச் செலவு அது. முதல் வாரத்தில் எல்லோரும் கொடுப்பார்கள். நீங்கள் இருபதாவது மாதத்திலும் கொடுங்கள். குழந்தை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் அந்த மாதத்தில், எஞ்சிய நோயணுக்களைத் தேடிச் செல்லும் மருந்து தவறாமல் போய்ச் சேர்வதற்கு அந்த 1,000 ரூபாய் போதும்.